தாந்தேயின் படகு: டெலாக்ருவாவின் முதல் பெரிய ஓவியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது யார் வரைந்தது, எப்போது, எவ்வளவு பெரியது?

வரைந்தவர் பிரெஞ்சு ஓவியர் யூஜின் டெலாக்ருவா. 1822-ஆம் ஆண்டு பாரிஸ் சலோன் கண்காட்சியில் முதன்முதலாகப் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. கித்தானில் தைல வண்ணம். உயரம் 189 செ.மீ., அகலம் சுமார் 241 செ.மீ. சலோன் திறந்தது ஏப்ரல் 24-ல். அவருக்கு 24 வயது நிறைய இன்னும் இரண்டு நாள் இருந்தது. சலோனுக்கு அவர் அனுப்பிய முதல் படம் இதுதான். அதை அரசே 2,000 ஃபிராங்குக்கு வாங்கியது. உயிரோடிருக்கும் ஓவியர்களின் படைப்புகளுக்கென்று இருந்த லக்சம்பர்க் அருங்காட்சியகத்தில் முதலில் தொங்கியது. 1874-லிருந்து லூவ்ரில் இருக்கிறது.

படத்தில் இருப்பவர்கள் யார் யார்?

சிவப்பு முக்காடு போட்டு, ஒரு கையை உயர்த்தித் தடுமாறி நிற்பவர் இத்தாலியக் கவிஞர் தாந்தே. நரகத்தினூடே போகும் தன் காப்பியத்தில் அவரே ஒரு பாத்திரம். பக்கத்தில் பழுப்பு மேலங்கியும் தலையில் இலைமாலையுமாக அசையாமல் நிற்பவர் ரோமானியக் கவி வர்ஜில், நரகத்தில் தாந்தேக்கு வழிகாட்டி. வலப்பக்கம் நமக்கு முதுகு காட்டி, நீலத்துணி காற்றில் சுழல, துடுப்போடு மல்லுக்கட்டுபவன் ஃப்லெஜியாஸ். தன் மகளுக்கு அப்பல்லோ இழைத்த கொடுமைக்காக அவனுடைய கோயிலையே எரித்தவன் என்று கிரேக்கப் புராணம் சொல்லும். கோபத்துக்குத் தண்டனை தரும் ஸ்டிக்ஸ் என்ற நரக ஏரியில் படகோட்ட இவனைத் தாந்தே நியமித்தது பொருத்தமான தேர்வு.

தண்ணீரில் கிடப்பவர்கள் கோபத்தால் அழிந்த ஆன்மாக்கள். இடப்பக்கம் தூரத்தில் புகையும் நெருப்புமாகத் தெரிவது டீஸ் என்ற நரக நகரம்.

காப்பியத்தில் இது எந்த இடம்? எவ்வளவு படித்தால் போதும்?

தாந்தேயின் காப்பியமான ‘டிவைன் காமெடி’ மொத்தம் 100 பாடல்கள். முதல் பாகமான ‘நரகம்’ 34 பாடல்கள் கொண்டது. ஓவியத்தின் இடம் 8-ஆம் பாடல். ஆனால் 8-ஐ மட்டும் படித்தால் பாதிதான் புரியும். 7-ஆம் பாடலின் கடைசி 30 வரிகளிலிருந்து தொடங்கி 8-ஆம் பாடலின் 81-ஆம் வரி வரை படியுங்கள். நூற்றுச்சொச்சம் வரிகள், அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். எந்த மொழிபெயர்ப்பாக இருந்தாலும் வரி எண் அச்சிட்ட பதிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டில் உள்ளதை அப்படியே வரைந்திருக்கிறாரா?

இல்லை. அவர் எங்கெல்லாம் மாற்றினார் என்று பார்ப்பதுதான் இந்த ஓவியத்தைப் புரிந்துகொள்ள நேர்வழி.

முதலாவது, தண்ணீர். காப்பியத்தில் ஸ்டிக்ஸ் ஒரு சேற்றுச் சதுப்பு, தேங்கிச் செத்த நீர். டெலாக்ருவா அங்கே அலை எழுப்பிவிட்டார். அலை எழும்பினால்தான் படகு ஆடும். படகு ஆடினால்தான் தாந்தே தடுமாறுவார், ஃப்லெஜியாஸின் முதுகுத் தசை முறுக்கேறும். சேறாகவே விட்டிருந்தால், இந்தப் படத்தின் உயிர் என்று பின்னால் பேசப்பட்ட நீர்த்துளிகளுக்கும் இடம் இருந்திருக்காது.

இரண்டாவது, பற்கள். படகின் விளிம்பைப் பல்லால் கவ்வும் ஓர் ஆன்மா படத்தில் உண்டு. காப்பியத்தில் யாரும் படகைக் கடிக்கவில்லை. 7-ஆம் பாடலின் முடிவில் சேற்றில் கிடப்பவர்கள் ஒருவரையொருவர் பல்லால் கிழிக்கிறார்கள். 8-ஆம் பாடலில் ஃபிலிப்போ அர்ஜென்டி என்ற ஃபுளோரன்ஸ்காரன் இரண்டு கையையும் படகை நோக்கி நீட்டுகிறான். வர்ஜில் அவனைத் தள்ளிவிடுகிறார். கடைசியில் அவன் தன்னையே கடித்துக்கொள்கிறான். இந்த மூன்றையும் ஓவியர் ஒரே உருவத்தில் திரட்டிவிட்டார். கோபத்தின் வாய், படகைத் தேடும் ஆசை, எதையும் விடாத வெறி மூன்றும் அந்தத் தாடையில் இருக்கின்றன.

மூன்றாவது மாற்றம்தான் பெரியது. காப்பியத்தில், படகில் இருக்கும் தாந்தே பயப்படவில்லை. அர்ஜென்டி மேல் அவருக்குக் கடுங்கோபம் வருகிறது, அவன் சேற்றில் முங்குவதைப் பார்க்க வேண்டும் என்கிறார். வர்ஜில் அவரை அணைத்துப் பாராட்டுகிறார். அச்சம் வருவது பிறகுதான், டீஸ் நகர வாசலில் பேய்கள் வழி மறிக்கும்போது. டெலாக்ருவா அந்த அச்சத்தை முன்னே இழுத்துப் படகுக்குள் வைத்துவிட்டார். தண்டனை பெற்றவர்களைக் கோபிக்கிற கவிஞர் போய், அவர்களைப் பார்த்து நடுங்குகிற மனிதர் வந்துவிட்டார். படம் பார்ப்பவர் தன்னைத் தாந்தேயின் இடத்தில் வைத்துக்கொள்ள முடிவதற்கு இதுவே காரணம்.

காப்பியத்தின் ஓர் அருமையான நுணுக்கம் படத்தில் இல்லாததையும் சொல்ல வேண்டும். வர்ஜில் ஏறும்போது படகு சற்றும் தாழவில்லை, உயிருள்ள உடம்போடு தாந்தே ஏறிய பிறகுதான் பாரம் தெரிந்தது என்று 27-ஆம் வரி சொல்கிறது. இதை ஓவியத்தில் காட்ட வழியில்லை. ஆடும் படகில் வர்ஜில் மட்டும் தூண்போல நிற்பதைப் பார்க்கும்போது அந்த வரி ஞாபகத்துக்கு வரும்.

உடல்கள் சிற்பம்போல இருக்கின்றன. இதை ஏன் ரொமான்டிக் ஓவியம் என்கிறார்கள்?

கேள்வி நியாயமானது. மூன்று உருவங்கள் நடுவில் நிமிர்ந்து, மற்றவை முன்னால் கிடையாக என்ற அடுக்கு பழைய கல்விமுறையில் வந்ததுதான். தசைகளில் மைக்கேலாஞ்சலோவைக் காணலாம். நிறத்திலும் மனநிலையிலும்தான் புதுமை. ஒழுங்கைவிட உணர்ச்சிக்கு முதலிடம் தருவதைத்தான் ரொமான்டிக் என்கிறார்கள். மூன்று வருடம் முன்பு, 1819-ல், பிரெஞ்சு ஓவியர் ழெரிக்கோ ‘மெடூசாவின் தெப்பம்’ என்ற படத்தைக் காட்டியிருந்தார். அதில் ஓர் உருவத்துக்கு டெலாக்ருவாவே மாடலாகப் படுத்திருந்தார். அலையில் ஆடும் மரம், அதைப் பற்றித் தவிக்கும் உடல்கள் என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. அது செய்தித்தாளில் வந்த கப்பல் விபத்து, இது காப்பியம். இரண்டிலும் உடல் படும் பாடு ஒன்றுதான்.

நீர்த்துளிகளைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

முன்னால் கிடக்கும் உடல்களின் மேல் வழியும் துளிகளைக் கிட்டத்தில் பாருங்கள். ஒவ்வொரு துளியும் நான்கு நிறம், கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டவை. ஒளிப்புள்ளிக்கு வெள்ளை. துளியின் நீளத்துக்கு ஒரு கீற்று மஞ்சள், ஒரு கீற்று பச்சை. நிழலுக்குச் சிவப்பு. இரண்டடி தள்ளி நின்றால் நான்கும் கண்ணில் சேர்ந்து ஈரமாகத் தெரிகின்றன. கலை வரலாற்றாளர் லீ ஜான்சன் இந்தத் துளிகளை விரிவாக ஆராய்ந்தவர்.

மூலம் 17-ஆம் நூற்றாண்டு ஃபிளெமிஷ் ஓவியர் ரூபென்ஸ். பிரான்சின் அரசி மரி தெ மெதிச்சி மார்செய் துறைமுகத்தில் இறங்கும் படத்தில், கீழே மூன்று கடற்கன்னியர் இருப்பார்கள். அவர்கள் உடம்பின் துளிகளை டெலாக்ருவா ஊன்றிப் பார்த்து, அந்தக் கன்னியரை நகலும் எடுத்தார். வண்ணக்காரனாகத் தன் தொடக்கம் அந்தத் துளிகளே என்று அவர் சொன்னதாக உதவியாளர் பியேர் ஆந்த்ரியே பதிந்திருக்கிறார். பழைய முறையில் நிழல் என்றால் உடல்நிறத்தோடு பழுப்போ கறுப்போ சேர்ப்பது. இங்கே நிழலுக்கே தனி நிறம் வந்துவிட்டது. பின்னாளில் இம்ப்ரெஷனிஸ்டுகள் கித்தான் முழுக்கச் செய்ததை, இவர் கட்டைவிரல் அகலத்துக்குள் செய்து பார்த்தார்.

அந்தத் துளியை நான் வரைந்து பார்க்க வேண்டும். எப்படி?

சிறு அட்டையிலோ கித்தான் துண்டிலோ பழகுங்கள்.

1. உடல்நிறத்தைப் பூசி முழுதாகக் காயவிடுங்கள், குறைந்தது ஒரு வாரம். நடுத்தர அடர்த்தியில் இருக்கட்டும். வெளுத்த தோல் மேல் வெள்ளைப் புள்ளி தெரியாது.
2. ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முடிவுசெய்து ஓரத்தில் அம்புக்குறி போடுங்கள். எல்லாத் துளிக்கும் அதே திசைதான்.
3. 0 எண் மென்மயிர்த் தூரிகையால், ஒளிக்கு எதிர்ப்பக்க விளிம்பில் மெல்லிய பிறைபோலச் சிவப்பு. அலிசரின் கிரிம்சனோடு துளி பர்ன்ட் சியன்னா சேர்த்தால் சரியாக வரும்.
4. துளியின் நீளவாட்டில் ஒரு கோடு விரிடியன் பச்சை, அதை ஒட்டி ஒரு கோடு யெல்லோ ஆக்கர். இரண்டையும் தேய்க்கக் கூடாது.
5. ஒளி விழும் பக்கத்தில் ஒரே ஒரு புள்ளி வெள்ளை, கெட்டியாக. வைத்தபின் தொடாதீர்கள்.

துளி தவறிப்போவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். அடிநிறம் காயாமல் தூரிகை வைத்தால் சிவப்பும் பச்சையும் குழைந்து சாம்பல் சேறாகிவிடும். வெள்ளைப் புள்ளியைத் துளியின் நடுவில் வைத்தால் நீர் போய் முத்து ஆகிவிடும். புள்ளி விளிம்பை ஒட்டியே இருக்க வேண்டும். ஒரு உடம்பில் ஆறேழு துளிக்கு மேல் போனால் கொப்புளம்போலத் தெரியும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இவ்வளவு பெரிய படத்தை எத்தனை நாளில் முடித்தார்?

சுமார் இரண்டரை மாதம். சலோன் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. தன் நேரத்தையெல்லாம் விழுங்கிய நாய்ப்பாடு என்று நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த வேகம் இரண்டு விளைவுகளைத் தந்தது. நல்ல விளைவு, படகின் பின்புறமிருந்து விளிம்பில் கையைப் போட்டு நம்மைப் பார்த்து ஏற முயலும் மனிதனின் தலை. பியெத்ரி என்ற நண்பர் தாந்தேயின் பாடலை உரக்கப் படிக்க, அந்தக் குரலின் வீச்சில் மின்சாரம் பாய்ந்ததுபோல் ஆகி அந்தத் தலையை மிக வேகமாகத் தீட்டியதாக, 1853 டிசம்பர் நாட்குறிப்பில் டெலாக்ருவா எழுதியிருக்கிறார். படத்திலேயே சிறந்த தலை அதுதான் என்பது அவர் கணிப்பு. பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

கெட்ட விளைவு, வெடிப்பு.

வெடிப்பு ஏன் வந்தது?

முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாவதைப் பூசியதால். தைல வண்ணம் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலிருக்கும் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு மெதுவாகக் கெட்டிப்படுகிறது. மேற்பூச்சுக்குக் காற்று நேராகக் கிடைப்பதால் அது முதலில் இறுகும். அடியில் இன்னும் இளகிய பூச்சு இருந்தால், அது பின்னால் காயும்போது அசையும். மேலே இறுகிய தோல் அசைய முடியாமல் பிளக்கும்.

கறுப்பு, பழுப்பு இடங்களில் இந்தத் தொல்லை பொதுவாக அதிகம். ஐவரி பிளாக் போன்ற கறுப்பு நிறமிக்கு எண்ணெய் நிறைய தேவை, காய நாள் பிடிக்கும். அந்தக் காலத்தில் நிழலுக்குப் பலர் பயன்படுத்திய தார்ப் பழுப்போ முழுதாகக் காய்வதே இல்லை. நேர்மாறாக, ஈய வெள்ளையும் அம்பர் பழுப்பும் வேகமாகக் காயும். ஆக, ஒரே கித்தானில் ஒரு மூலை பத்திரமாகவும் இன்னொரு மூலை பிளந்தும் இருப்பதில் வியப்பில்லை.

தன் காலத்திலேயே படம் மோசமாக வெடித்ததைப் பார்த்த டெலாக்ருவா, 1860 வாக்கில் அதைத் தானே சரிசெய்தார்.

வயதால் வந்த வெடிப்பையும் அவசரத்தால் வந்த வெடிப்பையும் பிரித்தறிய முடியுமா?

முடியும். வயது வெடிப்பு மயிரிழைபோல மெல்லியது, ஓரம் கூர்மை, அடிப்பூச்சுவரை ஆழமாகப் போகும், பெரும்பாலும் படம் முழுக்க வலைபோலப் பரவும். பூச்சு காய்வதில் வந்த கோளாறால் ஏற்படும் வெடிப்பு அகலமானது, ஓரம் உருண்டிருக்கும், உள்ளே அடிநிறம் தெரியும், கறுத்த நிறங்களில் கூட்டமாக இருக்கும். சாய்வாக விழும் வெளிச்சத்தில் பார்த்தால் எளிதாகத் தெரியும்.

நகல் எடுக்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

மூன்றில் ஒரு பங்கு அளவு வசதியானது: 63 × 80 செ.மீ. அச்சுப்படத்தையும் கித்தானையும் அகலத்தில் 8, உயரத்தில் 6 பகுதிகளாகக் கட்டம் போடுங்கள். முதலில் தலைகளின் உயரத்தையும் படகு விளிம்பின் சாய்வையும் குறியுங்கள். அந்தச் சாய்வு தட்டையாகிவிட்டால் படமே நின்றுவிடும்.

முதல் பூச்சு: பர்ன்ட் அம்பர், டர்பன்டைன் மட்டும், எண்ணெய் வேண்டாம். ஒளி நிழலை மட்டும் பிரியுங்கள். ஓரிரு நாளில் காய்ந்துவிடும். இரண்டாவது: மூன்று பங்கு டர்பன்டைனுக்கு ஒரு பங்கு ஆளிவிதை எண்ணெய். வானம், தண்ணீர், உடல்களின் பெரிய பரப்புகள். ஒரு வாரம் காத்திருங்கள். மூன்றாவது: இரண்டும் சம பங்கு. தாந்தேயின் சிவப்பு, ஃப்லெஜியாஸின் நீலம், முகங்கள். கடைசியில் துளிகள். மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும், ஒருபோதும் குறையக் கூடாது. டெலாக்ருவாவின் வெடிப்புகள் உங்கள் நகலில் வராமலிருக்க வழி இதுதான்.

காய்ந்ததா என்று விரல்நுனியால் தொட்டுப் பார்ப்பது போதாது. ஓரத்தில் நகத்தால் லேசாக அழுத்துங்கள். தடம் விழுந்தால் இன்னும் பொறுங்கள். மழைக்காலத்தில் ஒரு வாரம் இரண்டு வாரமாகும். இறுதி வார்னிஷுக்கு ஆறு மாதம் கழியட்டும்.

சிவப்பு முக்காட்டை முதலிலேயே முழு வீரியத்தில் பூசிவிடாதீர்கள். மூலப்படத்தில் அது கண்ணைப் பறிப்பதற்குச் சுற்றியிருக்கும் மங்கிய பச்சையும் பழுப்பும்தான் காரணம். சுற்றுப்புறம் அமைந்த பிறகு சிவப்பை வைத்தால், நினைத்ததைவிடக் குறைவாகவே தேவைப்படும்.

எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்துப் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகி, குவியல் தானே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகரப் பெட்டியில் போடுங்கள்.

1822-ல் மக்கள் என்ன சொன்னார்கள்?

இரண்டு கட்சி. விமர்சகர் டெலெக்லூஸ் இதை வெறும் வண்ண அப்பல் என்று ஏளனம் செய்தார். 25 வயதுப் பத்திரிகையாளர் அடால்ஃப் தியேர், ஒரு பெரிய ஓவியரின் எதிர்காலம் இதில் தெரிகிறது என்று எழுதினார். இந்தத் தியேர்தான் 1871-ல் பிரான்சின் குடியரசுத் தலைவரானார். மூத்த ஓவியர் குரோ, ‘ஒழுங்குபடுத்தப்பட்ட ரூபென்ஸ்’ என்று பாராட்டினார். படத்துக்கு நல்ல சட்டகம் வாங்கப் பணமில்லாமல் டெலாக்ருவா ஏதோ மரச்சட்டம் அடித்து அனுப்ப, குரோ தன் செலவில் புதுச்சட்டம் போட வைத்தார்.

லூவ்ரில் எங்கே இருக்கிறது? எப்படிப் பார்ப்பது நல்லது?

டெனோன் பிரிவு, முதல் தளம், பிரெஞ்சுப் பெரும்படங்கள் தொங்கும் சிவப்புச் சுவர் அரங்கு. ‘மெடூசாவின் தெப்பம்’ இருப்பதும் அங்கேதான். செவ்வாய்க்கிழமை விடுமுறை. படங்களைச் சில சமயம் வேறு கண்காட்சிக்கோ பழுதுபார்க்கவோ எடுத்துப் போவார்கள் என்பதால், அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலில் முன்னதாகப் பாருங்கள்.

முதலில் ஐந்து மீட்டர் தள்ளி நின்று சிவப்பு, பழுப்பு, நீலம் மூன்றும் எப்படி வரிசையில் நிற்கின்றன என்று பாருங்கள். பிறகு கிட்டப் போய்த் துளிகள். வார்னிஷ் பளபளப்பு கண்ணைக் கூசினால் நேரே நிற்காமல் ஒரு பக்கமாக நகருங்கள். அதே நாளில் ரிஷ்லியூ பிரிவின் மெதிச்சி அரங்குக்கும் போய்விடுங்கள். ரூபென்ஸின் அந்த மார்செய் படம் அங்கே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கால்மணி நேர நடைதான். துளிக்குத் துளி ஒப்பிட இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

இணையத்தில் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு நிறமாக இருக்கிறதே?

இருண்ட படங்களுக்கு எப்போதும் இந்தத் தொல்லை உண்டு. பலர் வெளிச்சத்தைக் கூட்டிப் போடுகிறார்கள். அப்போது வானம் பச்சையாகி, டீஸ் நகர நெருப்பு ஆரஞ்சாகிவிடும். லூவ்ரின் சொந்தப் படத்தை அளவுகோலாக வையுங்கள்.

தாந்தேயிடம் டெலாக்ருவா மீண்டும் வந்தாரா? மற்றவர்கள் இந்தப் படத்திலிருந்து என்ன எடுத்தார்கள்?

வந்தார். பாரிஸ் லக்சம்பர்க் அரண்மனை நூலகத்தின் குவிமாடத்தில், வர்ஜில் தாந்தேயை ஹோமரிடம் அழைத்துச் செல்லும் காட்சியை வரைந்தார். ‘நரகம்’ 4-ஆம் பாடல். 1846-ல் முடிந்தது. அங்கே அலையும் இல்லை, அச்சமும் இல்லை. கவிகள் புல்வெளியில் கூடியிருக்கிறார்கள். படகும் தவிக்கும் உடல்களும் வேறொரு காப்பியத்தின் வழியாக 1840-ல் திரும்பின: பைரனின் ‘டான் ஜுவான்’ கதையில் கப்பல் மூழ்கியபின் படகில் சீட்டுக் குலுக்கும் காட்சி. அதுவும் லூவ்ரில்தான்.

இளம் மனே ‘தாந்தேயின் படகை’ இரண்டு முறை நகலெடுத்தார். ஒன்று லியோன் அருங்காட்சியகத்திலும் இன்னொன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டனிலும் உள்ளன. செசானும் ஒரு நகல் செய்தார். மனேயின் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்: ஒன்று மூலத்துக்கு நெருக்கமானது, மற்றது தூரிகையை அவிழ்த்துவிட்டு நிறத்தை மட்டும் துரத்திப் போனது.